ஈரப்பதம் பத்தொன்பது

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள்.
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்,
பருவத்துக்கு மட்டும்.
சம்பா முடிந்தால் என் நாற்காலியையும் மடக்கிவிடுவார்கள்.
களத்தில் எட்டு நாளாய் நெல்,
குவியலுக்கும் குவியலுக்கும் நடுவே
ஒரு நாய் படுக்கிற அளவு சந்து.

தையல்நாயகி ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தாள்.
கருவி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பத்தொன்பது என்றது.
பதினேழைத் தாண்டினால் எடுக்க எனக்கு உத்தரவு இல்லை.
"வானத்துக்கு உத்தரவு வந்தாச்சே" என்றாள்,
கிழக்கே கறுத்துக் கிடந்ததைக் காட்டி.

வெளியே, புளியமரத்தடியில்,
கூத்தாநல்லூர் அலாவுதீன் லாரியோடு நின்றார்.
நகத்தால் ஒரு நெல்லை உரித்து, கடித்து,
விலை சொல்ல அவருக்குக் கால் நிமிடம் போதும்.
என் பலகையில் எழுதியதைவிட நூற்றிருபது கம்மி.
கையோடு ரொக்கம்.

பலகை இருப்பதால்தான் நூற்றிருபது.
சாக்கு வரவில்லை என்று நிலையம் திறக்காத ஒரு குறுவையில்
இதே மனிதர், இதே சிரிப்பு,
ஐந்நூறு கம்மி.

அதைச் சொன்னால் இதையும் சொல்லியாக வேண்டும்.
லாரி ஒன்றுகூட எட்டிப் பார்க்காத வருஷம்
மூட்டைக்கு இவ்வளவு என்று
இந்த மேசைக்கு அடியில்தான் கைமாறியது.
அந்தக் காசில் நானும் டீ குடித்தேன்.
போக்கிடம் இல்லாதவன் கொண்டுவந்த நெல்லில்
எங்கள் கண்ணுக்குப் பதர் அதிகமாகத் தெரியும்.

தையல்நாயகி யாருக்கும் விற்கவில்லை. போன் போட்டாள்.
அரை மணியில் டிராக்டர் இழுத்து வந்தது
ரெஜினாவின் உலர்த்தி வண்டியை.
பாதி விலை அரசு மானியம்,
மீதிப் பாதி இந்தியன் வங்கிக் கடன்,
மாதாமாதம் ஐந்தாம் தேதி அவள் தூக்கம் கெடும்.
உமி எரித்து ஓடும்; மணிக்கு இவ்வளவு என்று வாடகை.
இரவு பத்து வரை சிறு விவசாயிகளுக்கு என்பது மானிய விதி.
பத்துக்கு மேல் யாருக்கும்.
அலாவுதீன் பத்துக்கு மேல் முழுவதையும் பிடித்துக்கொண்டார்,
ரெஜினா கேட்டதைவிட இருநூறு சேர்த்துக் கொடுத்து.
பிறகு என்ன நினைத்தாரோ,
நெல் விலையிலும் ஐம்பது ஏற்றினார்.

தலைமதகு லஸ்கர் பக்கிரிசாமி
முட்டிக்குத் தைலம் வாங்கப் போகிற வழியில் நின்று பார்த்தார்.
"தண்ணி தானாப் போவும் சார்.
எங்க போவணுங்கறதுதான் தானா நடக்காது.
பலகையை ரொம்ப இறக்குனா மேல கரை உடையும்.
ஏத்திவிட்டுட்டுத் தூங்குனா கடைமடை காஞ்சிடும்.
ராத்திரி மூணு தரம் எந்திரிக்கறதுக்குத்தான் சம்பளம்,
இந்த முட்டியை வெச்சிக்கிட்டு."

ஏழு மணிக்கு மேல் எடை போடக் கூடாது.
மேலாளருக்கு அடித்தேன்; மணி போனது, அவர் எடுக்கவில்லை.
எடுக்காததை அனுமதி என்று வைத்துக்கொண்டு
களத்து விளக்கை அணைக்காமல் விட்டேன்.
சுமைதூக்கிகள் முணுமுணுத்தார்கள்,
புரோட்டாவுக்குச் சம்மதித்தார்கள்.

ஒன்பதே காலுக்குக் கருவி பதினாறு புள்ளி எட்டு காட்டியது.
தையல்நாயகி சிரிக்கவில்லை.
ரசீதை இரண்டு தடவை படித்து,
மூட்டைக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருப்பதைக் காட்டினாள்.
திருத்தினேன்.

மழை இரண்டு மணிக்கு வந்தது.
அலாவுதீன் சரக்கு அதற்குள் வெட்டாற்றைத் தாண்டியிருக்கும்.
நனைந்தது எங்களுடையது:
எடை போட்டு, பணமும் அனுப்பியான பிறகு
கிடங்குக்கு ஏற்ற வண்டி வராத ஏழு அடுக்கு.
தார்ப்பாய் கேட்டு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன்,
மூன்றுக்கும் பெற்றுக்கொண்டோம் என்று பதில்.

காலையில் சேதப் படிவம் நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில் மழை என்று எழுதி,
கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்து,
அதை அடித்துவிட்டு
தாமதம் என்று எழுதினேன்.