ஏழாவது கட்டம்

சிவப்பு மட்டை, நீளக் கொப்பி.
முதுகுப் பசையைக் கரப்பான் தின்றிருந்தது.
பாசையூரிலிருந்து எமல்டா
சீனிப் பையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தவ:
அப்பான்ரை கடைக் கணக்கு, உங்களுக்கு உதவுமோ தெரியாது.

கந்தர்மடத்தில் பற்றறிக் கடைக்கு மேலே
எங்கள் அறை. இரண்டு ஸ்கானர், ஒரு மின்விசிறி.
படிவத்தின் ஏழாவது கட்டம்
புனைவா, புனைவல்லாததா என்று கேட்கும்.
ஒன்றை அமத்தாவிட்டால்
கணினி அடுத்த பக்கம் விடாது.

நிருத்தன் வரைவிலக்கணம் எழுதிச்
சுவரில் ஒட்டியிருந்தான்:
நடந்ததைச் சொல்வது புனைவல்லாதது.
போன மாசம் பச்சை மையால் அதை வெட்டி
நடந்தது என்று தன்னைச் சொல்லிக்கொள்வது
என்று மாற்றினான்.
கல்வெட்டுகளால் வந்த திருத்தம் அது.
முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டில்
வட்டிக்குக் கொடுத்து வளவு பிடித்தவர்
வெண்பாவுக்குள் கருணைக் கடலாய்க் கிடப்பார்.
திதி மட்டும் சரியாக இருக்கும்.
திதிக்காகப் புனைவல்லாதது என்று போட்டோம்.

வடக்கெல்லை ஏழு பனை என்கிற உறுதி;
பனைகள் பங்கருக்குப் போய்விட்டன.
அதுவும் புனைவல்லாதது.
'நாங்கள் இஞ்சை சுகம்' என்று தொடங்கும் வான்கடிதம்
எழுதிய திகதியில்
அந்த வீட்டுக்குக் கூரை இல்லை.
நிருத்தன் தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தான்.
சுகம் எண்டது மரியாதைச் சொல்லு, போடு, என்றான்.

கணக்குக் கொப்பியில் யோசிக்க என்ன இருக்கு?
கை மவுஸில் இருந்தது.
கண் சும்மா ஒரு பக்கத்தில் விழுந்தது.

தொம்மை நீக்கிலஸ். முற்பணம் 600.
ஆவணி, தொண்ணூற்றிரண்டு.
பாண் ஒன்று, மா ஒரு இறாத்தல்: 38.
மீதி 589.

திரும்பக் கழித்தேன்.
அடுத்த கிழமை 41 போக 580.
மாரி வெள்ளத்தில் ஒரு கிழமை
மண்ணெண்ணெய் வாங்கியும் மீதி கூடியிருந்தது.

மற்றவர்களின் பக்கங்களைப் பார்த்தேன்.
ஐந்து சதம் பிசகில்லை.
மரிசலீன் பிழை விடுகிற முதலாளி இல்லை.

எமல்டாவுக்கு அடித்தேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
நீக்கிலஸ் மாமா ஆடியிலை கடலுக்குப் போனவர்.
வள்ளமும் வரேல்லை.
முற்பணமோ? ஒரு சதமும் தரேல்லை.
வலை நூல் வாங்கின காசு
அவர்தான் எங்களுக்குத் தரவேணும்.
திரேசம்மா அன்ரி
கடனுக்கு ஒண்டும் தொடமாட்டா, அதுதான்.
அவ இப்ப கனடாவிலை. நீங்கள் ஏத்தினால்
ரப்பிலை பாப்பா.

நிருத்தனைக் கூப்பிட்டேன்.
கல்குலேட்டரை எடுத்து மூன்று பக்கம் தானே தட்டினான்.
சுவரில் இருந்த தன் பச்சை எழுத்தைப் பார்த்தான்.
பாண் நடந்தது, என்றான்.
மாவும் நடந்தது.
கழித்தல்தான் நடக்கேல்லை.

அப்போதுதான் ஓரத்தைக் கண்டோம்.
ஒவ்வொரு மீதிக்கும் பக்கத்தில்
வேறொரு மை, வேறொரு கை.
சின்னதாக 'தி.'
மூன்று வருசமும், ஒரு கிழமை தவறாமல்.
95 ஐப்பசி வரை.
கடைசி மீதி 571.
பிறகு ஊரே எழும்பிப் போனது. வெற்றுத் தாள்.

மறுபடி எமல்டா. இந்த முறை நான் கேட்டது ஒன்றுதான்:
அன்ரிக்குக் கணக்குத் தெரியுமோ?
சிரித்தா.
சங்கக்கடையிலை பதினொரு வருசம்
காசு மேசையிலை இருந்தவ, பிள்ளை.

பின்னேரம் கரண்ட் போய் வந்தது.
படிவம் அழிந்து, முதலிலிருந்து நிரப்பினேன்.
வகை: கணக்கேடு. மொழி: தமிழ்.
ஏழாவது கட்டத்தில் எதை அமத்தினேன் என்று
நிருத்தன் கேட்கவில்லை.

குறிப்பு:
மீதிகள் சரிபார்க்கப்பட்டன.
திருத்தப்படவில்லை.
கை இரண்டு.