நூற்றுப் பதினெட்டாவது நெடுக்கு

கோரிமேட்டு மாடியிலிருந்து பார்த்தால்
சேர்வராயன் ஒரே கோடு.
அதைச் சதுரத்தாளில் இறக்கப்
பொன்னுரங்கத்துக்கு நான்கு ஞாயிறு பிடித்தது.

எட்டு ஊசி, எட்டு விலை.
மேலே நூற்றிருபத்தெட்டு, அடியில் ஒன்று.
ஒவ்வொரு நெடுக்குக்கும் அவர் கூட்டிச் சொல்வார், நான் தட்டுவேன்.
அறுபத்துமூன்று. முப்பத்தொன்று. மறுபடி முப்பத்தொன்று.
மளிகைக் கடைச் சிட்டை போல ஒரு மலை.

கம்ப்யூட்டர், கப்பலில் வேலை பார்க்கும் அவர் அண்ணன் கொண்டுவந்தது.
திரைக்கு எங்கள் டி.வி.
பிரிண்டர் மட்டும் சென்னையில், தவணையில்.
கையேட்டில் பாதி சுங்கத்திலேயே நின்றுவிட்டது
என்பது அண்ணன் சொன்ன கதை.

முதல் தாளில்
மலைக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையாய்ப் பட்டைகள்.
"மார்கழி மூட்டம், நல்லாத்தானே இருக்கு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
எழுத்துக்கு விடுகிற இடைவெளியைப் படத்துக்கும் விட்டிருக்கிறது.
பன்னிரண்டை எட்டாகக் குறைத்ததும்
மூட்டம் விலகிற்று.

அதன் பிறகுதான் வம்பு.
ஐந்தாவது வரியில் ஓரிடத்துக்கு அப்பால்
மலை ஒரு புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருந்தது.
ஆறாவது வரியோ கீழே இறங்காமல்
ஐந்தாவதன் தோளோடு போய் நின்றுகொண்டது,
ரேஷன் வரிசையில் புகுந்த ஆள் மாதிரி.

ரிப்பனை மாற்றினார்.
ஊசிமுனையை ஸ்பிரிட்டால் துடைத்தார்.
சாயங்காலம் வோல்டேஜ் குறைவு என்று
இரவு பதினொன்றுக்கு எழுந்து ஓட்டினார்;
பக்கத்து வீட்டு டிக்கெட் பரிசோதகர்
சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார்.
எப்போதும் அதே இடம், அதே ஒரு புள்ளி.
தூசிக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை.
நாமக்கல்லுக்குப் போய்ச்சேராத கால்
நாமக்கல்லில்தான் தொலைந்தது என்று நாங்கள் சொல்வதில்லை.
முதலில் யார் கையில் கொடுத்தோம் என்று பார்ப்போம்.

வரியின் கடைசியில், யாரும் கேட்காமல்,
மூன்று புள்ளிகள்.
இரண்டு ஒட்டி, கீழே ஒன்று தள்ளி.
அழுக்கு என்று அவர் கடந்துபோனவை.
விலை போட்டுப் பார்த்தேன்:
எட்டு, நான்கு, ஒன்று.

"பதிமூணுன்னா என்னங்க?"
"வரி முடிஞ்சுது, திரும்புன்னு அர்த்தம்."
சொன்னவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இருநூற்று நாற்பது வரும் என்று பிரிண்டருக்குச் சொல்லியிருந்தோம்.
இருநூற்று முப்பத்தொன்பதுதான் வந்திருக்கிறது.
எண்ணிக்கையை நிரப்ப
'திரும்பு' என்ற சொல்லையே அது
மலையாக அச்சடித்துவிட்டது.
பிறகு திரும்பச் சொல்ல ஆளில்லை.

தையல் ஊசியால் ஒவ்வொரு நெடுக்கையும் தொட்டு எண்ணினோம்.
நூற்றுப் பதினேழு வரை சரி.
நூற்றுப் பதினெட்டு, பத்து.
எட்டும் இரண்டும், நடுவில் ஒரு காலி.
ஏதோ எஸ்டேட் பங்களாவின் கூரைமுனை,
அதற்குக் கீழே இன்னொன்று,
தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம் என்றார்.
பத்து என்றால் அதன் பாஷையில் 'ஒரு வரி கீழே போ'.
பிரிண்டருக்கு அது தேவைப்படாது என்று
எந்த ஊர்த் தொழிற்சாலையிலோ யாரோ தீர்மானித்து
கம்ப்யூட்டருக்கு அதை விழுங்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.
அது எங்கள் தண்ணீர்த் தொட்டியை விழுங்கியது.

விழுங்காதே என்று சொல்லவும் ஒரு கட்டளை இருக்கும்.
சுங்கத்துப் பக்கங்களில் இருக்கும்.

"பதினொண்ணு ஆக்கிடுங்க."
"அங்க புள்ளி கிடையாதே."
"மலைக்குத் தெரியவா போகுது?"
மேக்னசைட் கம்பெனியில் கணக்கெழுதுகிறவர்;
இல்லாத ஒன்றைச் சேர்க்க ஓர் இரவு யோசித்தார்.
காலையில் பல்கூடத் தேய்க்காமல்
அவரே தட்டினார்.

மலை முழுசாக வந்தது.
பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறோம், மேலோரம் கொஞ்சம் வெளிறல்.

இப்போது டவுன் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம்
தொட்டிக்கு அடியில்
நாங்கள் வைத்த அந்த ஒன்றைத் தேடுகிறேன்.
இதுவரை தெரியவில்லை.
கண்ணாடி மாற்ற வேண்டும்.