பெற்றோர் கையெழுத்து

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கப் பயிற்சி என்றால்
எங்க வீட்டுக்காரர்தான் வகுப்பெடுப்பார்.
ராணி ஈ எழும்புவதும்
ஆண் ஈ கூடி, வயிறு கிழிந்து விழுவதும்
முப்பது பேர் முன்னால், மைக்கில்.

பள்ளிக்கூடக் கூட்டத்தில் அவரேதான் முதலில் எழும்பினார்:
"எட்டாங்கிளாசுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு டீச்சரே?"
பின்னால் ரெண்டு மூணு பேர் கைதட்டினார்கள்.
நான் மடியில் கிடந்த தாளை மடக்கினேன்.

எனக்கு ஒன்பது வயசில்
ரப்பர் ஷீட் காயும் புகைப்புரைக்குள்
நடந்ததற்கு ஒரு பேர் தெரிந்திருந்தால்
அன்றைக்கே அம்மையிடம் சொல்லியிருப்பேன்.
அம்மைக்கும் தெரிந்திருக்காது.

காலையில் அவர் பெட்டி பார்க்கப் போனதும்
ஜெபினா பேனாவை நீட்டினாள்.
"அப்பா போடமாட்டாரும்மா."

நான் போட்டேன்.
பாதியில் மை தீர்ந்தது.
மிச்சப் பேரை
அழுத்தியே எழுதினேன்.
தாளைச் சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம்.