ஏழாம் எண் கண்ணாடி

இம்பி மோனோரயில் நிலையத்திலிருந்து
நடந்தால் ஆறு நிமிடம்.
பேரங்காடியின் ஐந்தாவது மாடியில்
கூரைக்கும் உணவுக்கடைகளுக்கும் நடுவே
வளைந்து ஓடுகிறது எங்கள் தண்டவாளம்.

என் வேலை துடைப்பது.
எட்டு மெய்நிகர் கண்ணாடிகள்,
ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்.
நுரைப்பஞ்சில் ஒட்டியிருக்கும்
கண்மை, வியர்வை, சிலநாள் திருநீறு,
தைப்பூசத்துக்கு மறுநாள் மொட்டைத்தலைச் சந்தனம்.
அழுதவர் யாரென்று எனக்குத் தெரியும்.
படத்தில் அழ ஒன்றுமில்லை.

படத்தில் ஒரு டிராகன்.
முதல் வளைவில் அது இடப்பக்கம் வரும்.
எட்டுத் தலைகளும் ஒன்றாகத் திரும்பும்
எட்டு வாய்களும் ஒன்றாகத் திறக்கும்.
அங்கே இருப்பது
தீயணைப்புக் குழாய், சிவப்பு.
அதன்மேல் ஒரு குழந்தைச் செருப்பு,
மார்ச் மாதம் யாரோ உதறியது.
ஏணி எட்டாதென்று விட்டுவிட்டார்கள்.
டிராகன் நெருப்பு கக்கும்போதெல்லாம்
கை நீட்டித் தடுக்கிறார்கள்
அந்தச் செருப்பை.

ஏழாம் எண்ணுக்கு ஒரு நோய்.
அரை நொடித் தாமதம்.
உடம்பு விழுந்து முடித்தபின்
படம் விழத் தொடங்கும்.
"ரீஸ்டார்ட் பண்ணு" என்பார் என்சிக் ரிட்சுவான்.
பண்ணுவேன்.
மூன்று ஓட்டம் ஒழுங்காய்ப் போகும்
நான்காவதில் யாராவது வாளி கேட்பார்கள்.

சனிக்கிழமை ஒரு புதுத் தம்பதி, கிள்ளானிலிருந்து.
அவள் மருதாணி இன்னும் மங்கவில்லை.
சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.
அவன், கோபிராஜ் என்றுதான் அவள் கூப்பிட்டாள்,
கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.
"வயிறு முதல்ல போயிருச்சுக்கா.
கண்ணு அப்பவும் மேலயே இருக்கு.
எத நம்புறதுன்னே தெரியல."
பணம் திருப்பித் தர விதியில்லை.
தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்தேன்,
மூன்று ரிங்கிட், என் கணக்கில்.

அன்றிரவு கடைகள் சாத்தியபின்
ஏழாம் எண்ணை மாட்டிக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.
நேப்பாளத்துப் பையன் சுஜன்
எதுவும் கேட்காமல் பொத்தானை அழுத்தினான்.
ஏற்றம். சங்கிலியின் கடகட.
டிராகன் சாவகாசமாய்ச் சமதளத்தில் பறக்கிறது.
கீழே மேகம், வெளுத்துக் காயப்போட்ட மாதிரி.
அப்போது வயிறு போயிற்று.

இது எனக்குத் தெரியும்.

பாயான் லெப்பாஸில், சிப்பு பொருத்தும் தொழிற்சாலையில்
பதினோரு வருடம்.
கடைசி மாதம்
கேண்டீனில் கோழித்துண்டு சின்னதானது.
ஓவர்டைம் பலகையில் பெயர்கள் இல்லை.
ஒருநாளும் என்னைப் பார்க்காத மேலாளர்
லிஃப்டில் என் பெயரைச் சரியாக உச்சரித்தார்.
இரவெல்லாம் படுக்கையில் விழுந்துகொண்டிருந்தேன்.
கண் மட்டும்
கம்பெனி கொடுத்த புது நாள்காட்டியைப் பார்த்து
எல்லாம் சமதளம் என்றது.
கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை.
அப்போதுதான் படம் விழத் தொடங்கியது.
வரிசை முழுக்க அழுதார்கள்.
யோகேஸ் எவ்வளவு தைரியம் பார் என்றார்கள்.
நான் ஏற்கெனவே தரையில் இருந்தேன்.

காலையில் சோதனை ஓட்டம்.
ஆள் ஏற்றாமல் மூன்று முறை என்பது விதி.
காலி இருக்கைகளில் கண்ணாடிகளைக் கட்டி அனுப்பினேன்.
யாருக்கும் இல்லாத டிராகன்
வந்து போயிற்று.

ஏழாம் எண்ணில் டேப் ஒட்டி
'ரோசாக்' என்று எழுதினேன்.
"கம்ப்யூட்டரில் பச்சையாகத்தானே காட்டுது?"
என்றார் ரிட்சுவான்.
"காட்டுது" என்றேன்.
அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது ஏழாம் இருக்கைக்குக் கண்ணாடி கிடையாது,
ஐந்து ரிங்கிட் குறைவு.
முகம் சுளிப்பார்கள். ஏறுவார்கள்.

நேற்று ஒரு சிறுமி,
இறங்கிய வேகத்தில் என்னிடம் ஓடிவந்தாள்.
"ஆன்ட்டி, அங்க பைப்பு மேல
ஒரு செருப்பு இருக்கு.
எடது கால்."