உடுக்குறி

தொண்ணூற்றொரு விழுக்காடு.
மில்வாக்கி நகரின் பதினேழாம் எண் பேருந்து
அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுகிறது.
படித்தவர்களில் இத்தனை பேருக்கு வேலையாம்.
எண்ணின் தலைமாட்டில் ஓர் உடுக்குறி,
ஈ உட்கார்ந்து எழுந்த தடம்போல.

அந்த ஈயைத் துரத்துவதுதான் என் உத்தியோகம்.
மாநில அலுவலகத்தின் ஆறாம் மாடி,
ஒரு மர அளவுகோல், ஒரு தொலைபேசி,
ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு குளிர்காலம்.

நிறுத்தத்தில் நின்று அளந்தேன்.
எண்ணின் உயரம் இரண்டு அடி.
அடிக்குறிப்பின் உயரம் அரை அரிசி.
அதன்மேலும் பனிச்சேறு.
கையுறையால் துடைத்துப் படித்தேன்:
'பதிலளித்தவர்களிடம் திரட்டிய தகவல்.'
எத்தனை பேர் பதிலளித்தார்கள்?
அந்த வரிக்கு உடுக்குறி கிடையாது.

லேக்ஃபீல்டு சுகாதாரத் தொழிற்கல்லூரி
பட்டியல் அனுப்ப ஏழு வாரம் எடுத்துக்கொண்டது.
வந்த எண்களில் பாதி உயிரோடில்லை.
மீதியை ஒவ்வொன்றாக அழைத்தேன்.

மருத்துவ உதவியாளர் படிப்பு முடித்த மை யெர் வாங்
மருத்துவமனைக்கு எதிரே
பெட்ரோல் பங்கில் காபி ஊற்றுகிறாள்.
"வெள்ளைக் கோட்டு போட்டவங்க வருவாங்க,
அதனால சுகாதாரத் துறைனு போட்டிருப்பாங்க."
சிரித்தாள்.
நான் சிரிக்கக் கூடாது. உரையாடல் பதிவாகிறது.

ஓடெல் ப்ரூயிட்டுக்குக் கல்லூரியே வேலை கொடுத்தது,
எட்டு நாள்.
அடுத்த வருடப் பிள்ளைகளுக்குப் போன் போட்டுச் சேர்க்கிற வேலை.
"அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"தொண்ணூத்தொண்ணுனு சொன்னேன்."

ரெனாட்டா ஸெலின்ஸ்கியின் போனை அண்ணன் எடுத்தார்.
மார்ச் மாதம் இறந்துவிட்டாளாம்.
பட்டியலில் அவள் பெயருக்கு நேரே
'தற்போது வேலை தேடவில்லை.'
அந்த ஒரு வரியில் மட்டும்
பொய் என்று என்னால் எழுத முடியவில்லை.

விசாரணையில் கல்லூரி வக்கீல் சொன்னார்:
"விளம்பரம் கவிதை மாதிரி.
எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பார்க்கலாமா?"
கவிதை படிக்க யாரும்
இருபத்திரண்டாயிரம் டாலர் கடன் வாங்குவதில்லை என்றேன்.
ஏட்டுச் சுரைக்காய்க்கும் இங்கே மாதத் தவணை உண்டு.

இரண்டு வருடம். ஒரு காற்புள்ளிக்காக மட்டும் ஐந்து மாதம்.
கடைசியில் ஒரு விதி:
எண் எந்த உயரமோ, குறிப்பும் அந்த உயரம்.

நேற்று அதே பேருந்தில் வீடு திரும்பினேன்.
அடையாள அட்டையைக் கண்டுகொண்டாள் ஓட்டுநர்,
ஜுவனீட்டா பிக்ஸ்.
"நீங்கதானே கூப்பிட்டது?
நான் நாற்பத்தேழாவது பேரு.
ஸ்கேன் எடுக்கப் படிச்சேன்.
இந்த வண்டி ஆஸ்பத்திரி வழியாப் போகுதில்ல,
மருத்துவப் போக்குவரத்துனு சேர்த்துட்டாங்க."
இரண்டு வருடம் தன்னைப் பற்றிய பொய்யைத்
தானே ஊர்சுற்றிக் காட்டியிருக்கிறாள்.
இன்னும் பதினொரு வருடத் தவணை பாக்கி.

இறங்கும்போது வண்டியின் விலாவைப் பார்த்தேன்.
பழைய தாளை உரித்துவிட்டார்கள்.
புதுத்தாளில் எண் இல்லை, உடுக்குறி இல்லை,
நீலச் சட்டையில் ஒரு பெண் எங்கோ பார்க்கிறாள்.
'உன் கனவு காத்திருக்கிறது.'

பையிலிருந்து அளவுகோலை எடுத்தேன்.
எங்கிருந்து எதுவரை அளப்பது?
"இதுக்கும் விதி இருக்கா?" என்றாள் ஜுவனீட்டா
கதவை மூடாமல்.
பின்னால் ஒரு கார் ஒலியெழுப்பியது.
அவள் நேரத்துக்குப் போயாக வேண்டும்.