பதினேழாம் நம்பர் சைட்

"விக்கிற வரைக்கும் வெச்சுக்கங்" என்றார் சென்னியப்பன்.
பல்லடத்துக்கு மேற்கே அஞ்சு சென்ட்,
நாலு மூலையிலும் மஞ்சள் தலைக் கல்.
வாடகை வேண்டாம், காய் வந்தால் கொஞ்சம்,
ஆள் வந்து பார்த்தால் குறுக்கே பேசக் கூடாது.

வைகாசிக் கடைசி அது.
பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் டேபிள்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம்
தேடாமலே கண்ணில் படும்.
மண்ணைக் கிளறிப் பார்த்தேன்.
ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே சுக்கான்கல்.
மேஸ்திரி கொட்டிவிட்டுப் போன ஜல்லி,
பாதி டைல்ஸ், ஒற்றைச் செருப்பு.
ரிஜெக்ட் பண்ண வேண்டிய பீஸ்தான்.
பண்ணவில்லை.

எப்போது விதைப்பது என்று கேட்டால்
எல்லோர் வாயிலும் ஆடி தயாராக இருக்கிறது,
மருந்துக் கடைக்காரர் உட்பட.
ஆடி இரண்டாம் தேதி போட்டேன்,
அவரை, பீர்க்கு, புடலை.
ஆனால் எங்கள் பக்கத்து ஆடி வேறே.
பாலக்காட்டுக் கணவாயில் மழையை இறக்கிவிட்டு
மேகாத்து மட்டும் வெறுங்கையோடு வருகிறது.
அடிவானத்தில் காத்தாடிகள் கரண்ட் அரைக்க
இரண்டு இலை விட்ட பீர்க்கு
கழுத்து முறிந்து கிடந்தது.
அவரையில் ஏழு மிச்சம்.
டிவிஎஸ்ஸில் இரண்டு கேன் தண்ணி,
காலையில் ஒரு நடை, ஷிப்ட் முடிந்து ஒரு நடை,
அந்த ஏழும் காய்ந்தது ஆவணி பத்து.

அளவு எழுதுகிற அட்டையின் பின்பக்கம்
நானாக ஒரு கணக்கு எழுதினேன்:
ஆடியில் விதைக்காதே, வேலி கட்டு.
கம்பெனியில் கழித்த துணி கிலோக் கணக்கில் கிடைக்கும்.
மேற்குப் பக்கம் மூங்கில் ஊன்றி இழுத்துக் கட்டினேன்,
ஜெர்மனிக்குப் போக மறுத்த நீலம்,
சாயம் ஏறாத ஆரஞ்சு.
ரோட்டில் போனவர்கள் கட்சி மீட்டிங்கா என்றார்கள்.

புரட்டாசி பாதியில் மறுபடி.
கத்திரி நாற்று, தக்காளி நாற்று,
வரப்போரம் கொத்தவரை, வெண்டை.
ஐப்பசி எட்டாம் தேதி ராத்திரி
தகரத்தில் முதல் சத்தம்.
எழுந்து உட்கார்ந்துகொண்டேன்.
என் வீட்டுக்காரர் சுப்புராசு
"துணி காயப் போட்டிருக்கறயா?" என்றார்.

கார்த்திகையில் சென்னியப்பனுக்கு
ஒரு கட்டைப்பை வெண்டை.
பிஞ்சை ஒடித்துப் பார்த்துவிட்டு
"எடம் நல்ல எடம்னு இனிச் சொல்லலாமுங்" என்றார்.
அன்றைக்குத்தான் பயம் வந்தது.

காய்க்கு மாதம் பார்த்தால் போதும்.
பழச் செடிக்கு வருசம் பார்க்க வேண்டும்.
களாவும் மாதுளையும் காய்க்க மூணு வருசம்,
அது எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?
புரோக்கரிடம் கேட்டேன்.
"மார்க்கெட் படுத்திருச்சுங்க்கா,
ரெண்டு வருசத்துக்கு ஒண்ணும் நகராது."
அதுதான் என் பட்டம் என்று முடிவு செய்தேன்.
சித்திரையில் கடப்பாரையால் குழி எடுத்து
வெயிலில் வேக விட்டேன்.
ஆட்டுப் புழுக்கை, மேல் மண், வேப்பம் புண்ணாக்கு.
அடுத்த புரட்டாசியில் நட்டேன்,
கல்லிலிருந்து இரண்டடி உள்ளே.
வீடு கட்டினாலும் ஓரம் விட்டுத்தானே கட்டுவார்கள்.

போன ஞாயிறு டேப்போடு ஒரு குடும்பம் வந்தது.
அவர் நீளம் பிடித்தார், பையன் அகலம்.
நான் தக்காளிக்குக் குனிந்தேன், குறுக்கே பேசவில்லை.
அந்தம்மா மட்டும் மூலைக்கு வந்து நின்றாள்.
"இதென்ன செடிங்?"
"களா."
"எப்பக் காய்க்கும்?"
"இன்னும் ரெண்டு வருசமாகும்."
தொட்டுப் பார்த்து விரலை உதறிக்கொண்டாள்.
"ஊறுகாய் போடலாமில்ல?" என்றாள்,
என்னிடமா, அவரிடமா, தெரியவில்லை.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லையாம்.
ஆடி வருகிறது. துணியை இறுக்கிக் கட்ட வேண்டும்.
களா இந்த வாரம் புதுசாக
நாலு முள் விட்டிருக்கிறது.