குலையா மாதிரி, எண் நான்கு

எதுவிஹேஸின் வீட்டில்
துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம்
வடக்குச் சுவரை நோக்கி நடந்துபோகிறது.
மெக்ஸிகோ நகரின் இந்தத் தென்கிழக்கு மூலையில்,
ட்லாவாக்கில், வீடு சாய்வது சேதியே இல்லை.
ஏரியை வற்றவைத்து அதன்மேல் குடியேறிய தெருக்கள்.
ஆனாலும் நகராட்சிக்கு எண் வேண்டும்.
கொல்லையில் குழி தோண்டினோம்.

மூன்று மீட்டர் கீழே நஸாரியோ மண்டியிட்டு
கிடார்த் தந்தி கட்டிய வில்லால்
ஒரு கனசதுரத்தை அறுத்தெடுக்கிறான்.
பாசியும் இல்லை ஈயமும் இல்லை, இடையில் ஒரு பச்சை.
அதற்குப் பெயர் தேடி முடிப்பதற்குள்
காற்றுப் பட்ட விளிம்பு பழுப்பாகிவிட்டது.
"சீக்கிரம், ஒத்திலியா!"

பாரஃபின் நாலு பங்கு, பைன் பிசின் ஒரு பங்கு.
எங்கள் அடுப்பைக் காற்று அணைத்துக்கொண்டே இருந்ததால்
எதுவிஹேஸின் அடுப்பில், எதுவிஹேஸின் சட்டியில்.
கொதித்தால் மண்ணின் தோல் வெந்துபோகும்,
ஆறினால் ஒட்டாமல் உரியும்.
தூரிகையிலிருந்து புறங்கையில் ஒரு சொட்டு:
சுட்டது, கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.
பதம்.

முதலில் துணி.
இங்கே அதற்கு வானத் துணி என்று பெயர், அவ்வளவு மெல்லிசு.
வெயிலே அறியாத ஒன்றுக்கு வானத்தைச் சுற்றி
மேலே மெழுகு.
மறுபடி துணி, மறுபடி மெழுகு.
மூலைகளுக்கு மட்டும் இன்னும் இரண்டு பூச்சு,
ஈரம் தப்பியோடுவது அங்கேதான்.
கடைசியில் ஓர் அம்புக்குறி,
வானம் பார்த்த பக்கம் எதுவென்று.

கதவில் சாய்ந்து நின்ற எதுவிஹேஸ் கேட்டாள்:
"இவ்வளவு பத்திரமாக் கொண்டுபோய் என்ன செய்வீங்க?"

"நசுக்குவோம்.
எவ்வளவு பாரத்தில் உடையுதுன்னு பார்க்க."

சுவரைப் பார்த்தாள்.
விரிசலில் செருகி வைத்திருந்த மின்கட்டண ரசீதுகளைப் பார்த்தாள்.
"அதை என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

வண்டியில், காற்றடைத்த டயர் டியூப் மேல் அது,
டியூப் என் மடிமேல்.
ஆய்வகம் வரைக்கும் முப்பத்திரண்டு வேகத்தடைகள்.
ஒவ்வொன்றிலும் நஸாரியோ ஊர்ந்து ஏறி
ஊர்ந்து இறங்குகிறான்; பின்னால் ஒரு பேருந்து
அவன் அம்மாவைத் திட்டுகிறது.
உள்ளங்கையில் மெழுகின் சூடு போய்
மண்ணின் குளிர் வந்துவிட்டது.
உள்ளே ஓர் ஏரியின் அடி.
ஒரு சொட்டும் சிந்தவில்லை.

செலவுச் சீட்டின் கடைசி வரி:
சட்டி ஒன்று, நூற்றெண்பது பெசோ.
எத்தனை தேய்த்தாலும் போகாதாம்.

போகாது.
நான் பூசிய மெழுகு.